கானாடுகாத்தானில் காலை, காரைக்குடியில் மாலை: செட்டிநாட்டை நடந்தே பார்க்க ஒரு நாள் வழிகாட்டி

செட்டிநாடு பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு கார் பிடிக்கிறார்கள். காலையில் பிள்ளையார்பட்டி, அடுத்து குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் நின்று ஒரு போட்டோ, மத்தியானம் காரைக்குடியில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு சாயங்காலமே மதுரைக்கோ திருச்சிக்கோ வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "எல்லாம் பெரிய பெரிய வீடா இருக்கு" என்பதற்கு மேல் வார்த்தை வராது.

வீடு பெரிசு என்பது உண்மைதான். ஆனால் இங்கே பார்க்க வேண்டியது தனித்தனி வீடு இல்லை, தெரு. ஒரு தெரு முழுக்க முன்வாசல், அடுத்த தெரு முழுக்கப் பின்வாசல் என்று ஏன் இருக்கிறது? கூரையில் விழுந்த தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது? தரை ஏன் ஆள் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டப்பட்டிருக்கிறது? கார் கண்ணாடி வழியாக இதெல்லாம் பிடிபடாது, நடந்தால்தான் பிடிபடும். அதனால் இந்தத் திட்டத்தில் ஒரே ஒரு கிராமம், ஒரே ஒரு நகரம். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் ஆதியில் 96 என்பார்கள், இன்றைக்கும் எழுபதுக்கு மேல் இருக்கின்றன. ஒரு நாளில் நாலைந்தைத் தொட்டுவிட்டுப் போவதை விட ஒன்றை ஒழுங்காகப் பார்ப்பது மேல்.

எப்போது வரலாம்

மார்கழி, தை, மாசி. இதைத் தாண்டினால் வெயில். இது செம்மண்ணும் சரளையுமான வறண்ட சீமை. தெருக்கள் அகலம், மரநிழல் குறைவு. கத்திரி வெயிலில் பத்து மணிக்கு மேல் நடக்க நினைப்பது வீண் வம்பு. ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம். நல்ல மழை பெய்யும்போது ஒரு வளவுக்குள், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், நிற்கக் கொடுத்துவைத்தால், அந்த வீட்டைக் கட்டியவர் என்ன கணக்குப் போட்டார் என்று அப்போதுதான் தெரியும்.

மார்கழியில் இன்னொரு லாபம் உண்டு. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. அதையொட்டியும் பொங்கலையொட்டியும், தை முகூர்த்தங்களிலும் வெளியூர், வெளிநாட்டிலிருந்து ஆட்கள் ஊர் திரும்புவார்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகள் திறந்திருக்கும், வாசலில் கோலம் இருக்கும். கல்யாண வீட்டுக்குள் போட்டோ எடுக்க எட்டிப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

முதல் நாள் ராத்திரி காரைக்குடியில் தங்குங்கள்

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் ராத்திரி ரயில்கள் காரைக்குடி வழியாகப் போகின்றன, பகலில் வர பல்லவன் இருக்கிறது. கானாடுகாத்தானை ஒட்டி 'செட்டிநாடு' என்ற பேரிலேயே ஒரு ரயில் நிலையம் உண்டு. அங்கே நிற்கும் வண்டிகள் குறைவு என்பதால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். கானாடுகாத்தானிலேயே பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். கையில் காசு தாராளமாக இருந்தால் அங்கே ஒரு ராத்திரி தங்குவது தனி அனுபவம். இல்லாதவர்களுக்குக் காரைக்குடி லாட்ஜ் போதும்.

எடுத்துவர வேண்டியது: குடை, தண்ணீர், சில்லறை, மாட்டவும் கழற்றவும் சுலபமான செருப்பு. வீட்டுக்கு வீடு, கோயிலுக்குக் கோயில் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லேஸ் கட்டும் ஷூ போட்டு வந்தால் மூன்றாவது வாசலில் உங்களுக்கே எரிச்சல் வரும்.

காலை 6 மணி: கானாடுகாத்தான் பஸ்

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் புதுக்கோட்டை, திருச்சி போகும் பஸ்ஸில் ஏறி "கானாடுகாத்தான் விலக்கு" என்று கேளுங்கள். எல்லா பஸ்ஸும் நிற்காது, ஏறுமுன் கண்டக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சுமார் 15 கிலோமீட்டர்தான். ஊருக்குள் போகும் டவுன் பஸ்ஸும் உண்டு, அது கிடைத்தால் இன்னும் வசதி. இறங்கியதும் முதலில் ஒரு டீ.

6.45 முதல் 8 வரை: வீட்டுக்குள் போகாமல் தெருவை மட்டும் பாருங்கள்

ஊருணிக் கரையிலிருந்து தொடங்குங்கள். தெருக்கள் கோடு போட்டதுபோல் நேராகப் போய், குறுக்குத் தெருக்களை வெட்டுவது அங்கிருந்தே தெரியும். திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது. மழைத்தண்ணீர் வீட்டுக் கூரையிலிருந்து வளவுக்கும், வளவிலிருந்து வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போய்ச் சேரும்படி வாட்டம் வைத்திருக்கிறார்கள். ஆறு இல்லாத சீமையில் ஊருணிதான் உயிர். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டுபோனதால் உள்நாட்டுக்கு வந்து குடியேறியவர்கள் நகரத்தார் என்பது அவர்கள் சொல்லிவரும் வரலாறு. வெள்ளத்துக்குப் பயந்த அந்த ஞாபகத்தில்தான் இந்த வறண்ட பூமியிலும் வீட்டை இவ்வளவு உயரம் தூக்கிக் கட்டினார்கள் என்று இங்கே சொல்வார்கள்.

இப்போது ஒரு தெருவின் முன்வாசல் பக்கமாக மெதுவாக நடந்து, தலையைத் தூக்கி முகப்பின் உச்சியைப் பாருங்கள். நடுவில் கஜலட்சுமி, இருபுறமும் யானை. அதற்குப் பக்கத்திலேயே தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய் துப்பாக்கியோடு காவல் நிற்பான். எதிர் வீட்டில் விக்டோரியா ராணி. முருகனும் மீனாட்சியும் இவர்களோடு ஒரே வரிசையில் சங்கடமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். சுண்ணாம்புச் சுதையில் செய்து வர்ணம் பூசியவை இவை. வெயில் கிழக்கிலிருந்து சாய்வாக விழும் இந்த நேரத்தில்தான் சுதையின் மேடு பள்ளம் துல்லியமாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் எல்லாம் தட்டையாகிவிடும். முகப்பில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் கவனியுங்கள். நாலைந்து இனிஷியல் வரிசையாக இருக்கும். அதுதான் அந்தக் குடும்பத்தின் விலாசம். ரங்கூனில் வட்டிக்கடை போர்டில் இருந்ததும், ஊரில் வீட்டுக்கு வழி கேட்டால் சொல்வதும் அதே எழுத்துகள்தான்.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 1850-களுக்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலாயா, வியட்நாம் என்று கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் அனுப்பிய பணம். தேக்கு பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, பூப்போட்ட சுவர் ஓடு ஜப்பானிலிருந்து. 1930-களின் மந்தமும், 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்ததும், பிறகு அங்கே எல்லாம் அரசுடைமையானதும் அந்தப் பணத்தின் ஊற்றை அடைத்துவிட்டன. வீடு மட்டும் நின்றது. ஒரு வீடு பளபளவென்றும் பக்கத்து வீடு ஆலங்கன்று முளைத்தும் நிற்பதைத் தெரு முழுக்கப் பார்ப்பீர்கள்.

பிறகு குறுக்குத் தெருவில் திரும்பி அடுத்த தெருவுக்குப் போங்கள். நீங்கள் பார்த்த வீடு அங்கே முடிகிறது. சின்னக் கதவு, உயரமான மொட்டைச் சுவர், அலங்காரம் எதுவும் கிடையாது. மாடு கட்டவும் விறகு இறக்கவும் வேலையாட்கள் போய்வரவும் இந்தப் பக்கம்தான். இரண்டு தெருவுக்கும் நடுவே ஒரே வீடு! நீளத்தைக் காலால் அளந்தவருக்கு உள்ளே போகும்போது வேறு மாதிரி தெரியும்.

8 மணி: அரண்மனையும் பாரதி வந்த ஊரும்

செட்டிநாட்டு அரண்மனை 1912-இல் கட்டியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் வீடு. இன்றும் குடும்பத்தாரின் தனிச்சொத்து, உள்ளே பொதுவாக அனுமதி இல்லை. காவல்காரரிடம் வாதாடி நேரத்தைப் போக்க வேண்டாம். வெளியிலிருந்து பார்த்து, முகப்பின் அகலத்தை வியந்துவிட்டு நகருங்கள். ஊரில் எல்லாரும் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் இதைவிடச் சுவையான வீடுகள் பக்கத்துத் தெருக்களிலேயே இருக்கின்றன.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இந்த ஊர் மேல் இன்னொரு உரிமை உண்டு. 1919-இல் வை. சு. சண்முகம் செட்டியாரின் அழைப்பில் பாரதி கானாடுகாத்தானுக்கு வந்தார். அதே பயணத்தில் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கும் போனார். கையில் தடியோடு இருக்கும் அவருடைய புகழ்பெற்ற படம் காரைக்குடியில் எடுத்ததுதான். அரண்மனை வாசலில் செல்ஃபி எடுக்கிற கூட்டத்தில் இது தெரிந்தவர்கள் குறைவு.

8.30 முதல் 10.30 வரை: ஒரு வீட்டுக்குள்

கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகள் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். எது இன்றைக்குத் திறந்திருக்கிறது என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்திருப்பார்கள், பெரும்பாலும் பக்கத்திலேயே குடியிருப்பவர். படியேறுமுன் குரல் கொடுங்கள்.

"அண்ணே, வீடு பார்க்கலாமா?"

"செருப்பக் கழட்டிட்டு வாங்க தம்பி. போட்டோ எடுங்க, சாமி வீட்டுப் பக்கம் மட்டும் வேணாம்."

எவ்வளவு என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள். சுற்றிக் காட்டுகிறவருக்குத் தனியாகக் கொஞ்சம் கொடுங்கள், அவர் சம்பளம் அப்படியொன்றும் பெரிதாக இருக்காது. வீட்டு ஆச்சி யாராவது உட்கார்ந்திருந்தால் முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு மற்றதைப் பாருங்கள். கேள்வி கேட்டால் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள். வீடு என்ன விலை போகும் என்ற கேள்வியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பார்க்கும் வரிசை இது. முதலில் முகப்பு. இருபக்கமும் திண்ணை, வழவழப்பான தேக்குத் தூண்கள் அல்லது கருங்கல் தூண்கள். ஆண்கள் கணக்கெழுதியதும், வந்தவர்களை உட்காரவைத்ததும் இங்கேதான். தூணைக் கட்டிப்பிடித்துப் பாருங்கள், கை எட்டாது. அடுத்து நிலைவாசல். மேலே, பக்கங்களில் என்று விரற்கடை இடம் விடாமல் மரவேலை. நிலைப்படியில் காலை வைக்காமல் தாண்டுங்கள். தாண்டிய உடனே நின்று நேரே பாருங்கள்: வாசலுக்கு நேர் வாசலாக, கட்டுக்குக் கட்டு தாண்டி, கடைசிப் பின்கதவு வரை ஒரே கோட்டில் வெளிச்சம் தெரியும். சற்று முன் நீங்கள் பின்தெருவில் பார்த்த அந்தச் சின்னக் கதவு அதுதான்.

இப்போது நிற்பது வளவு. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், இருபக்கமும் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. கல்யாணம் முடிந்து கொஞ்ச காலத்தில் புதுத் தம்பதியை 'வேறு வைத்துவிடுவார்கள்'. ஒரே கூரை, ஒரே சாமி வீடு, ஆனால் அடுப்பும் வரவு செலவும் தனித்தனி. இந்தக் குடும்பக் கணக்குத்தான் அப்படியே கட்டடமாக நிற்கிறது. இன்றைய தொல்லைக்கும் காரணம் அதேதான். மூன்று தலைமுறையில் ஒரு வளவுக்குப் பங்காளிகள் பெருகிவிடுவார்கள். ஒரு ஓடு மாற்றக்கூட எல்லாரும் சம்மதிக்க வேண்டும். சம்மதம் வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

முற்றத்தின் ஓரம் கூரை சரிந்து இறங்கும் இடத்தில் தண்ணீர் விழும் தூம்பைப் பாருங்கள். அதன் கீழே பெரிய அண்டா வைத்து மழைநீரைப் பிடிப்பது வழக்கம். மிச்சம் தரையில் உள்ள துவாரம் வழியாக வெளியே போய்விடும். மேலே நாட்டு ஓட்டை அடுக்கடுக்காக வேய்ந்திருப்பதாலும், முற்றம் சூட்டை மேலே இழுத்துவிடுவதாலும் வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளுமையாகத்தான் இருக்கும். மின்விசிறி இல்லாத காலத்துக் கட்டடம் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து சுவர். உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். பளிங்கு மாதிரி சில்லென்று இருக்கும். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, பல அடுக்காகப் பூசித் தேய்த்தது. வெள்ளையடிக்கத் தேவையே இல்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும். கட்டிய நாள் முதல் பெயின்ட் படாத சுவர்கள் இன்னும் இருக்கின்றன. சில வீடுகளில் பின்னால் வந்தவர்கள் அதன் மேல் டிஸ்டெம்பர் அடித்து, அது இப்போது பொருக்கு உதிர்ந்து தொங்குகிறது. பார்க்கவே மனசு கேட்காது.

இரண்டாங்கட்டு பந்தி போடும் இடம், மூன்றாங்கட்டு சமையல். ஆட்டுக்கல், அம்மி, உரல் எல்லாம் கல்யாணச் சமையல் அளவுக்கு வரிசையாகக் கிடக்கும். பெரும்பாலான வழிகாட்டிகள் இங்கே அவசரப்படுத்துவார்கள். பெண்கள் ஆயுளில் பாதியைக் கழித்த இடம் இது, நீங்கள் அவசரப்படாதீர்கள்.

கிளம்புமுன் ஊரில் கண்டாங்கிச் சேலை நெய்யும் தறிச்சத்தம் கேட்டால் எட்டிப் பாருங்கள். அகலக் கரை, கட்டம், அரக்கு, மஞ்சள், கறுப்பு. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தறியடியில் வாங்கினால் உழைப்பவருக்கே காசு போகும்.

வேண்டுமானால்: ஆத்தங்குடிக்கு ஒரு ஆட்டோ

நடை வழிகாட்டியில் ஆட்டோ எதற்கு என்று கேட்கலாம். ஆத்தங்குடி பத்துக் கிலோமீட்டர் போல, வெயிலில் நடக்க முடியாது. அங்கே பெரிய வீட்டைக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ஆனால் நேரம் குறைவென்றால் வீட்டை விட்டுவிட்டு, தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைக்குப் போங்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் தகட்டு அச்சை நிறுத்தி, சிமெண்டும் மணலும் வர்ணமும் கலந்த குழம்பைச் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். அச்சை அசங்காமல் தூக்கியதும் பூ தனியாக நிற்கும். சில வேளை விரலாலேயே வர்ணத்தை இழுத்து விடுவார்கள். அதன் மேல் காய்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை வைத்து அழுத்திச் சமன் செய்வார்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் சில நாள், அப்புறம் காயவைப்பார்கள். சூளை கிடையாது. காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும், பளபளப்பு அந்தக் கண்ணாடி முகத்திலிருந்து வந்தது. வீட்டுக்கு ஆர்டர் கொடுப்பதானால், பதிக்கத் தெரிந்த ஆளையும் இங்கேயே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். நல்ல கல்லைத் தெரியாத கொத்தனார் கையில் கொடுத்தால் பாழ்.

1 மணி: சாப்பாடு, பிறகு கண்டிப்பாகத் தூக்கம்

காரைக்குடிக்குத் திரும்பிவிடுங்கள். பாரம்பரிய விடுதிகளில் இலைச் சாப்பாடு வேண்டுமானால் முதல் நாளே சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் கூட்டம் உள்ள மெஸ் ஒன்றில் உட்காருங்கள். சென்னையில் 'செட்டிநாடு' என்று சொல்லிச் சிவப்பாக, எண்ணெய் மிதக்கக் கொடுக்கும் குழம்பை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுச் சமையலில் காரத்தை விட வாசம்தான் முந்தும்: கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, சோம்பு. கவுனி அரிசி இனிப்பு இருந்தால் விடாதீர்கள். பர்மாவிலிருந்து வந்து இங்கே வீட்டுப் பலகாரமாகிவிட்ட கறுப்பரிசி அது.

மூன்றரை மணி வரை அறையில் படுங்கள். இந்த ஊரே அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறது.

4 மணி: முனீஸ்வரன் கோயில் தெரு

பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. எனாமல் அடுக்கு, பீங்கான் ஊறுகாய் ஜாடி, பர்மா அரக்குப் பாத்திரம், ரவிவர்மா அச்சுப்படம், பித்தளைக் குத்துவிளக்கு, பழைய பிஸ்கட் டின். பின்கட்டில் போய்ப் பார்த்தால் இடித்த வீடுகளின் நிலை, கதவு, தூண், ஜன்னல் எல்லாம் சாய்த்து வைத்திருப்பார்கள். காலையில் ஒரு வீட்டில் பார்த்த அதே மாதிரி நிலைவாசல், இங்கே விலைச்சீட்டோடு. பங்காளித் தகராறு தீராத வளவுகள் கடைசியில் வந்து சேரும் இடம் இது.

பேரம் பேசலாம், பேச வேண்டும். 'நூறு வருஷப் பழசு' என்று சொல்வதில் பாதி புதுசாகச் செய்து பழசாக்கியது. எனாமல், ஜாடி போன்றவற்றில் பயமில்லை. சிலை, பழஞ்சிற்பம் பக்கம் போகாதீர்கள், குறிப்பாக மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. விமான நிலையத்தில் அழுது பயனில்லை. எடை குறைவாக, சிக்கலில்லாமல் வேண்டுமானால் கொட்டான் எனப்படும் பனையோலைக் கூடை வாங்குங்கள். சீர்வரிசைக்குப் பெண்கள் வீட்டிலிருந்தே பின்னியது, புவிசார் குறியீடும் உண்டு.

5 மணி முதல் இருட்டும் வரை

ஆயிரம் ஜன்னல் வீடு ஊருக்குள்ளேயே இருக்கிறது. யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பதுதான், பத்து நிமிஷம் போதும்.

அங்கிருந்து கொப்புடையம்மன் கோயில். காரைக்குடிக்காரர்களுக்கு எல்லாக் காரியமும் இவளிடம் சொல்லிவிட்டுத்தான். மூலவரே உற்சவராகவும் இருப்பது இங்கே விசேஷம்: கருவறையில் இருக்கும் உலோகத் திருமேனியே திருவிழாவில் வெளியே வருகிறது. செவ்வாய், வெள்ளியில் கூட்டம் தாங்காது. மற்ற நாளில் விளக்கு வைக்கும் நேரம் போனால் நிதானமாகப் பார்க்கலாம். மாசி, பங்குனியில் வந்தால் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் போகும் கூட்டத்தில் நடக்கவே இடமிருக்காது, அது வேறு வகைப் பார்வை.

கால் இன்னும் தாங்கினால் கம்பன் மணிமண்டபம். தாங்காவிட்டால் ஆட்டோ. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் இடம், வளாகத்தில் தமிழ்த்தாய்க்குக் கோயிலே கட்டியிருக்கிறார்கள். பங்குனியில் கம்பன் விழா இங்கே நடந்து, கடைசி நாள் கம்பன் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையில் முடியும். பேச்சுக் கேட்கிற ஆசை உள்ளவர்கள் அந்த நாள்களைப் பார்த்துப் பயணம் வைத்துக்கொள்ளலாம்.

போகும் வழியில் அழகப்பா பேர் எங்கும் கண்ணில் படும். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். வெளிநாட்டில் சேர்த்ததை வீடாகக் கட்டியவர்களைக் காலை முழுக்கப் பார்த்தீர்கள். இவர் கல்லூரியாகக் கட்டினார்.

ராத்திரி

டிபன் கடையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், கிடைத்தால் மசாலைச் சீயம். பணியாரம் ஓரம் முறுகாமல், நடுவில் மெத்தென்று, பால் நிறத்தில் இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், அடுத்த ஈட்டுக்குக் காத்திருங்கள். ஊருக்கு வாங்கிப் போக மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை நாள்பட நிற்கும். அதிரசம், கந்தரப்பம் என்றால் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பலகாரக் கடைக்கு எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் நல்லது காலியாகிவிடும். ரயில் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே போட்டு வையுங்கள், முகூர்த்த நாளில் காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.